காயாத கப்பல்

சாரலைப் பற்றி அழகாகப் பேசுகிறவர்கள் யாரும் சாரல் காலத்தில் தென்காசியில் துணி துவைத்துக் காயப்போட்டவர்கள் இல்லை. ஆனி பிறந்துவிட்டால் மேற்கே மலை மறைந்துபோகும். மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் நாள் முழுக்க ஒரு நசநசப்பு. தீக்குச்சி உரசினால் பற்றாது. உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். கதவு உப்பிக்கொண்டு சாத்த வராது. ஊர்க்காரன் இதையெல்லாம் வெளியில் சொல்லுவானா? 'என்ன காத்து, என்ன குளுமை' என்று வந்தவனிடம் பெருமையடிப்பான். அந்த வருஷம் வந்தவர்களுக்குக் குறைச்சலும் இல்லை. ஜப்பான்காரன் குண்டு போட்டுவிடுவான் என்று மெட்ராஸைக் காலி செய்துகொண்டு ஓடிவந்தவர்கள் குற்றாலத்துப் பங்களாக்களில் அடைந்துகிடந்தார்கள்.

அவர்கள் தின்கிற ரொட்டியை நான்தான் சுமந்தேன். அகமது கபீர் ரொட்டிக்கிடங்கில் எனக்கு வேலை. விடியுமுன் மாவு பிசைந்து, அடுப்பிலிருந்து ரொட்டி இறங்கியதும் தகரப்பெட்டியில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு மேலகரம், நன்னகரம் வழியாகக் குற்றாலத்துக்கு நடப்பேன். கழுத்து இறங்கிப்போகும். வீட்டில் என் பிள்ளைகள் கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருக்கும். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வரும், விடுங்கள். நான் சொல்ல வந்தது மாடக்கண்ணு அண்ணாச்சியின் கப்பல் கதையை.

மாடக்கண்ணு அண்ணாச்சிக்குச் சாயவேலை. கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசுவார், நாடகக் கொட்டகைகளுக்குத் திரை எழுதுவார், ஒன்றுமில்லாத நாளில் கடைகளுக்குப் போர்டு எழுதுவார். கை பேசும், வாய் பேசாது. நாலு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை வரும். அவர் பெண்சாதி ஆவுடைத்தாய் அவல் இடித்து விற்பாள். அவள் உலக்கைச் சத்தம்தான் எங்கள் தெருவுக்குக் கோழி கூவுகிற மாதிரி. இவர்களுக்கு ஒரே மகன், குற்றாலிங்கம். யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது கப்பல் பட்டாளத்துக்குப் போய்விட்டான். ஒரு தடவை லீவில் வந்தான். வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக அவன் தெருவில் நடந்ததைப் பார்க்கச் சனம் வாசலுக்கு வந்து நின்றது. மாசி மாதம் வரைக்கும் காயிதம் வந்துகொண்டிருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. ரங்கூன் விழுந்தது, பர்மா அரிசி வரத்து நின்றது, அந்தமானும் போயிற்று என்று பேப்பர் படிக்கிறவர்கள் சொன்னார்கள். அவன் கப்பல் எங்கே என்று மட்டும் எவனும் சொல்லவில்லை.

வீடு அப்படியே ஓய்ந்துபோனது. அழுகையும் கிடையாது, சண்டையும் கிடையாது. அவள் பாட்டுக்கு உலக்கை போடுவாள், அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அடுப்பு எரியும், சோறும் வேகும், ஆனால் மறுநாள் காலையில் அதே சோறு தண்ணீர் ஊற்றிக் கிடக்கும்.

அந்த நேரத்தில்தான் கப்பல் துரை ஆள் அனுப்பினார். தூத்துக்குடித் துறைமுகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கிழட்டுத் துரை அவர். குற்றாலத்தில் ஐந்தருவி போகிற பாதையில் ஒரு பங்களாவில் தனியாக இருந்தார். அவரிடம் நாலு எண்ணெய்ச் சாயப் படங்கள் இருந்தன. நாலிலும் ஒரே கப்பல்தான். நூறு வருஷத்துக்கு முந்தின யுத்தக் கப்பல். மூன்று பாய்மரம், பக்கவாட்டில் வரிசை வரிசையாகப் பீரங்கி வாசல்கள். துரையின் பாட்டன் வாலிபத்தில் அந்தக் கப்பலில் இருந்தாராம். விக்டோரியா ராணி காலத்தில் அவர்கள் ஊர்ச் சித்திரக்காரர் ஒருவர் எழுதிய படங்கள். குற்றாலத்து ஈரம் ராணி என்று பார்க்குமா, ராசா என்று பார்க்குமா? கித்தானில் பூஞ்சணம் பூத்து, சாயம் செதிள் செதிளாக உரிந்துகொண்டிருந்தது. அது மொத்தமாகப் போவதற்குள் அதே மாதிரி நாலு படம் எழுதித் தரவேண்டும் என்று துரைக்கு ஆசை. குற்றாலத்திலேயே உட்கார்ந்து எழுதினால் சாயம் காயாது என்பதால், ஒவ்வொரு படமாக மெழுகுத்துணியில் சுற்றித் தென்காசிக்குக் கொடுத்து அனுப்பினார். குழாயில் அடைத்த சாயமும் ஆளிவிதை எண்ணெயும் அவரே கொடுத்தார்.

அண்ணாச்சி அசல் மேல் நூல் பிடித்துக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்வார். புதுக் கித்தானிலும் கரித்துண்டால் அதே கட்டங்கள். ஒரு கட்டத்தை எழுதி முடித்துவிட்டுத்தான் அடுத்த கட்டம். தென்காசியிலும் சாயம் என்னவோ லேசில் காயவில்லை. அதனால் எங்கள் கிடங்கில் ரொட்டி இறக்கிய பிறகு, சூடு தணியாத அடுப்புச் சுவர்ப் பக்கம் படத்தைச் சாய்த்து வைத்துக்கொள்ளக் கபீர் இடம் கொடுத்திருந்தார். மாவுத்தூசி பறந்து வந்து ஈரச் சாயத்தில் ஒட்டும். முதல் படத்து வானத்தில் ஒட்டியதை அண்ணாச்சி உரிக்கப் பார்த்தார், வரவில்லை. மேகம் என்று விட்டுவிட்டார்.

முதல் படம், கப்பல் எல்லாப் பாயையும் விரித்துக்கொண்டு துறைமுகத்தை விட்டுக் கிளம்புவது. கப்பலின் மூக்கில் மரத்தால் செய்த ஒரு பெண்ணுருவம், நெஞ்சில் கை வைத்தபடி. வெள்ளைக்காரிதான். ஆனால் அண்ணாச்சியின் கை காலமெல்லாம் அம்மன் முகம் எழுதின கை. தன்னை அறியாமல் அந்தப் பெண்ணுக்கு ஒரு மூக்குத்தியை வைத்துவிட்டது. அவள் முகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குற்றாலத்துக் குழல்வாய்மொழி அம்மன் முகமாகிவிட்டது. அதைப் பார்த்துத்தான் ஆவுடைத்தாய் உலக்கையைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"இது என்ன கப்பலு?"

"யுத்தக் கப்பலு."

"நம்ம பய இருக்க கப்பலும் இப்படித்தான் இருக்குமோ?"

அண்ணாச்சிக்கு அன்றைக்கு முதுகுவலி, கண் எரிச்சல். இரண்டு மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி அது. அதற்கு என்ன பதில் சொல்ல?

"இதேதான்னு வச்சுக்கோயேன்."

"இதேதானா?"

"ஆமாட்டி. இந்தக் கப்பல்தான். துரை சொன்னாரு."

சொன்னது அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் அவள் கொள்ளு வறுத்துக் காணத்துவையல் அரைத்தாள். இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சந்தனமாரி தண்ணீர்க் குடத்தோடு நின்று அதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாளாம். போனவள் சும்மா இருப்பாளா? மறுநாள் தெருவே கப்பல் பார்க்க வந்துவிட்டது. எங்கள் தெருவில் திருச்செந்தூர் போய்க் கடல் பார்த்தவர்கள் உண்டு. கப்பல் பார்த்தவர்கள் கிடையாது.

"குற்றாலிங்கம் எங்கன நிக்கான்?" என்று சந்தனமாரி கேட்டாள்.

"உள்ள இருப்பான். வேலை இருக்கும்லா," என்றாள் ஆவுடைத்தாய்.

"இம்புட்டுத் துணி கட்டியிருக்கே! இதையெல்லாம் யாரு துவைப்பா?"

"சர்க்காரு கப்பல்ட்டி. அதுக்குன்னு ஆளு இருக்கும்."

"முன்னால நிக்கது நம்ம அம்மனுல்லா! ஆத்தா இருக்கும்போது உனக்கு என்ன குறை? பயல ராசாவாக் கூட்டிட்டு வந்து நிறுத்துவா பாரு."

ஆவுடைத்தாய் விரலில் குங்குமம் தொட்டு, காயாத கப்பலின் மூக்கில் ஒரு பொட்டு வைத்தாள். அண்ணாச்சி அந்தப் பொட்டையும் துடைக்கவில்லை, அந்தப் பொய்யையும் துடைக்கவில்லை. இரண்டாவது படத்தில் கப்பல் புயலில் ஆடியது. மூன்றாவதில் எதிரிக் கப்பலோடு பீரங்கிச் சண்டை. எழுத எழுத மூன்றையும் வீட்டுச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்தார். நாலும் முடிந்த பிறகு மொத்தமாகத் துரையிடம் கொடுப்பது என்று ஏற்பாடு. அவள் காலையில் கண் முழிப்பது கப்பலில்தான். நிறையச் சாப்பிட்டாள் என்று சொல்ல முடியாது, ஆனால் சாப்பிட்டாள்.

துரை பம்பாய்க்கு எழுதப்போகிறார் என்றும் அண்ணாச்சி வீட்டில் சொல்லியிருந்தார். பம்பாய்க் கப்பல் பட்டாள ஆபீசில் துரைக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், நாலு படமும் முடிந்ததும் காயிதம் எழுதிக் குற்றாலிங்கம் என்ன ஆனான் என்று விசாரித்துச் சொல்வதாகத் துரை வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று. அதனால் நாலாவது படம் எப்போது வரும் எப்போது வரும் என்று அவள் காத்திருந்தாள்.

நாலாவது படத்தை ரொட்டிப் பெட்டியோடு நான்தான் குற்றாலத்திலிருந்து கொண்டுவந்தேன். அண்ணாச்சியும் கூட வந்தார். நன்னகரம் தாண்டியதும், "வீட்டுக்கு வேண்டாம், கிடங்குக்குக் கொண்டு போ," என்றார். பிரித்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. கப்பல் எரிந்துகொண்டிருந்தது. நடு மரம் பாதி ஒடிந்து சாய்ந்திருந்தது. பீரங்கி வாசல்கள் அத்தனையிலும் நெருப்பு. ஒரு மனுஷனைக் காணோம். மூக்கிலிருந்த அந்தப் பெண் மட்டும் எரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சண்டையில் போகவில்லையாம், தானாகத் தீப்பிடித்து எரிந்ததாம். துரை அப்படித்தான் சொன்னாராம்.

கபீர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"என்னவே மாடக்கண்ணு, இது அதே கப்பல்லா?"

"அதேதான்."

"உம்ம பெண்சாதி பொட்டு வச்ச கப்பல்லா?"

"அதைத்தான் சொல்லுதேன். அவ கண்ணுல பட்டுதோ, செத்துப்போவா கபீரு. இங்கனயே ஒரு மூலையில வச்சு எழுதிக்கிடுதேன். உம்ம கிடங்குக்குப் போர்டு எழுதுதேன்னு வீட்டுல சொல்லிக்கிடலாம்."

"எம் போர்டு நல்லாத்தானவே இருக்கு!"

"இருக்கட்டும்."

"வே, அவகிட்ட இது அவன் கப்பல் இல்லன்னு சொல்லித் தொலைச்சா என்ன?"

"எப்படிச் சொல்லுவேன்? இப்பத்தான் ரெண்டு வாய் திங்கா."

கபீர் நல்ல மனுஷர். ஆனால் பொய்யை ஒளித்து வைக்கத் தெரியாதவர். ஆவுடைத்தாய் தெருவில் வருகிறது தெரிந்தாலே எடைக்கல்லைக் கீழே போடுவார். மைதா மூட்டைகளை நிமிர்த்தி அடுக்கிப் படத்துக்கு மறைப்புக் கட்டினோம். அண்ணாச்சி அந்த மறைவில் உட்கார்ந்து எழுதினார்.

எழுதினார் என்று சொன்னேனா? உட்கார்ந்தார் என்றுதான் சொல்லவேண்டும். முதல் மூன்று படங்களையும் மடமடவென்று முடித்தவர், இதில் கடல் ஒரு கட்டம், வானம் ஒரு கட்டம் என்று ஓரத்தையே சுற்றிக்கொண்டிருந்தார். எழுதின கட்டத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி எழுதுவார். ஆடி பிறந்தது. நடுவில் கப்பல் இருக்கவேண்டிய இடம் வெறும் கித்தானாகவே கிடந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. மூட்டை அடுக்குவதும் இறக்குவதும் என் வேலைதானே.

"என்ன அண்ணாச்சி, கப்பலை எப்பம் எழுதப் போறிய?" என்று கேட்டுவிட்டேன்.

"கடலு சரியா வரலலே."

"கடலா? போன மாசம் புயலையே எழுதினியளே!"

"ஈரம் காயல. மேல எழுதினா கலங்கிரும்."

ஈரமாம். தொட்டுப் பார்த்தேன், கட்டாந்தரையாக இருந்தது. சரி, பாவம், பெண்சாதிக்குப் பயந்து கை ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கபீரும் அப்படித்தான் நினைத்தார்.

ஆவுடைத்தாய் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவல் கொண்டுவந்து கிடங்கில் கொடுப்பாள். வந்தால் வாசலோடு சரி. கபீரிடம் கேட்பாள்.

"அவுக என்ன செய்தாவ?"

"உள்ள... போர்டு எழுதுதாரு."

"ஒரு போர்டுக்கா இம்புட்டு நாளு? துரை படம் என்னாச்சாம்?"

"அதுவும் நடக்கும் தாயீ. சாரல்லா, சாயம் காயணும்லா."

"சாரலு என்னைக்கு நிக்கது, துரை என்னைக்குக் காயிதம் எழுதுதது!" என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்தக் குரலில் கோபம் இருந்தாலும் பரவாயில்லை. வெறும் அலுப்பு. கேட்கவே கஷ்டமாக இருக்கும். மறைவிலிருந்து அண்ணாச்சி தலையை வெளியே நீட்டவே மாட்டார்.

ஆடி அமாவாசை நெருங்கியபோது குற்றாலத்தில் கூட்டம் நெரிந்தது. அன்றைக்கு நான் கொண்டுபோன ரொட்டி போதவில்லை. துரையின் சமையல்காரர் அருமைநாயகம் விருந்தாளிகளுக்கு ரொட்டி வாங்கக் குதிரை வண்டி பிடித்துத் தானே கிடங்குக்கு வந்துவிட்டார். அருமைநாயகம் வாய் ஓயாத மனுஷர். துரையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் ரொட்டி ஆறிப்போகும். அந்த நேரம் பார்த்து ஆவுடைத்தாய் அண்ணாச்சிக்கு உளுந்தங்கஞ்சியும் துவையலும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். கபீர் கையிலிருந்து எடைக்கல் விழுந்தது.

அருமைநாயகத்துக்கு ஒன்றும் தெரியாது. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வாங்க மதினி. நல்ல நேரத்துல வந்திய. அண்ணாச்சிக்கு நீங்களாவது ஒரு சொல்லு சொல்லக்கூடாதா?"

"என்ன சொல்லணும்?"

"பையனோட பட்டாள நம்பரைக் கொண்டா, பம்பாய்க்கு எழுதுதேன்னு முதல் படம் வாங்கும்போதே துரை கேட்டுட்டாருல்லா. போற நேரமெல்லாம் கேக்காரு. இவுகதான் படம் முடியட்டும் துரை, படம் முடியட்டும் துரைன்னு தள்ளிக்கிட்டே போறாவ. அன்னைக்கே எழுதியிருந்தா இன்னைக்குப் பதிலே வந்திருக்கும்."

"துரைதான் படம் முடிஞ்சா எழுதுவேன்னு சொன்னாருன்னு..."

"துரையா? எங்க துரை அப்படிச் சொல்லுவாரா? நல்ல கதையா இருக்கே!"

ஆவுடைத்தாய் யாரையும் பார்க்காமல் உள்ளே வந்தாள். கபீர் குறுக்கே வந்து, "தாயீ, உள்ள வெக்கை," என்று என்னவோ உளறினார். அவள் மைதா மூட்டையைச் சுற்றிப் போய் நின்றாள். நான் படத்தின் மேல் துணியைப் போடப் பாய்ந்தேன். கை எட்டவில்லை. அசலில் கப்பல் எரிந்துகொண்டிருந்தது. நகலில் கடலும் வானமும் மட்டும் இருந்தன.

"இதுதான் போர்டா?" என்றாள்.

அண்ணாச்சி எழுந்து நின்றார். அவர் அவ்வளவு வேகமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஏட்டி, இது அந்தக் கப்பல் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன். இது நூறு வருசத்துக் கப்பல், துரையோட பாட்டன் இருந்த கப்பல். நம்ம பயலுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. என்னமோ வாயில வந்துட்டு அன்னைக்கு. சத்தியமாட்டி, இது அவன் கப்பல் இல்ல."

"அது எனக்குத் தெரியாதாக்கும்?"

அண்ணாச்சி பிடித்திருந்த தூரிகையைக் கீழே வைத்தார்.

"லீவுல வந்தவன் எங்கிட்ட எல்லாஞ் சொல்லிட்டுத்தான் போனான். அடுக்களையில உக்காந்து விறகு தள்ளிக்கிட்டே சொன்னான். 'எம்மா, கப்பல் வயித்துக்குள்ள கபீர் மாமா அடுப்பு மாதிரி வரிசையா அடுப்பு இருக்கு, அதுக்குக் கரி அள்ளிப் போடுததுதான் என் வேலை, மேல பனைமரம் தண்டிக்குப் புகைக்கூண்டு'ன்னு. உங்க கப்பல்ல புகைக்கூண்டு எங்க இருக்கு? துணியைக் கட்டி ஓட்டுத கப்பல்ல கரி அள்ளுதவனுக்கு என்ன சோலி?"

"தெரிஞ்ச பொறவும் ஏன் பொட்டு வச்ச?"

"உங்களுக்காகத்தான் வச்சேன்! ரெண்டு மாசமா சுவத்தைப் பாத்துக்கிட்டே இருந்திய. கூப்பிட்டாத் திரும்பல. சோறு வச்சாத் தொடல. எனக்குப் பிள்ளையும் போயி மனுசனும் போயிருவாரோன்னு பயந்து கிடந்தேன். அன்னைக்கு இதுதான் அவன் கப்பல்னு சொன்னப்பத்தான் உங்க மூஞ்சியில கொஞ்சம் ரத்தம் வந்துச்சு. சரி, இந்த மனுசனுக்கு இப்படியொரு ஆறுதல் வேண்டியிருக்குன்னு நினைச்சேன். நான் தின்னா நீங்க திங்கிய. அதான் தின்னேன். ஊரெல்லாம் கூட்டிக் காட்டுனேன். சந்தனமாரிகிட்ட பெருமை பேசுனேன். துப்புக்கெட்டுப்போயி எல்லாம் செஞ்சேன்."

அருமைநாயகம் ரொட்டியை மறந்து நின்றார். கபீர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கிருந்து போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"நீ பாத்தா தாங்க மாட்டியேன்னுதான் இதை இங்கன..." என்று அண்ணாச்சி ஆரம்பித்தார்.

"எனக்குப் பயந்தா? எனக்குப் பயந்தா நடுவுல வெறுங்கித்தானா விட்டிய? எனக்குப் பயந்தா துரைகிட்ட நம்பரைக் கொடுக்காம இருந்திய? இங்கன பாருங்க, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. படம் முடிஞ்சா காயிதம் எழுதணும். எழுதினாப் பதில் வரும். அந்தப் பதிலுக்குல்லா நீங்க பயப்படுதிய!"

அவர் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் சாயக்கையை வைத்து மூடிக்கொண்டார். விரல் சந்தில் கண்ணீர் வந்தது. பெரிய மனுஷன் அழுவதைப் பார்ப்பது ஒரு கொடுமை.

"போயிட்டு வரட்டும்னு சொன்னது நானுல்லா ஆவுடை. நீ விடமாட்டேன்னு சொன்ன. நான்தான் கையெழுத்துப் போட்டேன். பதில்ல வேற மாதிரி வந்துட்டா உன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லாட்டாலும் அவன் போயிருப்பான். அவன் புத்தி எனக்குத் தெரியாதா? அதுக்கு உங்களை ஒரு நாளு ஒரு சொல்லு சொல்லியிருக்கேனா?"

"சொல்லல."

"பொறவு என்ன? எனக்கு அலுத்துப்போச்சு. விடிஞ்சா உலக்கை, அடைஞ்சா வாசல். தபால்காரன் தெருமுக்குல திரும்புததைப் பாத்துப் பாத்து என் கண்ணே அவிஞ்சுபோச்சு. பிள்ளை இருக்கான்னு விளக்கேத்துததா, இல்லன்னு அழுததா? எதுவானாலும் சரி, எனக்குத் தெரியணும். எதுவானாலும்..." முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

"கஞ்சியக் குடிங்க. குடிச்சுட்டுக் கப்பலை எழுதுங்க."

அவர் குடித்தார். அருமைநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டி ஏறினார். கபீர் என்னிடம், "மறைப்பை எடுலே," என்றார். மூட்டைகளை மறுபடி இறக்கினேன். அந்தத் தடவை எனக்கு எரிச்சல் வரவில்லை.

அன்றைக்குத் தொடங்கி அண்ணாச்சி கட்டம் கட்டமாகக் கப்பலை எழுதினார். ஆவுடைத்தாய் அவல் வேலையை முடித்துவிட்டு வந்து கிடங்கிலேயே உட்கார்ந்திருப்பாள். பேச்சு அதிகமில்லை. நெருப்பு எழுதும் நாள் வந்தபோது அண்ணாச்சி கபீரிடம், "அடுப்பு வாயைச் செத்த திறந்து வையும்," என்றார். கபீர் இரும்புக் கதவைத் திறந்து இரண்டு கட்டை சேர்த்துப் போட்டார். அண்ணாச்சி அடுப்பைப் பார்ப்பதும் கித்தானைப் பார்ப்பதுமாக எழுதினார். மஞ்சள் அடியில், சிவப்பு மேலே, நுனியில் கறுப்பு. அசலில் இருந்த நெருப்பு பூஞ்சணம் பிடித்து வெளிறிப்போயிருந்தது. இது எரிந்தது. ஆவுடைத்தாய் ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

சுவர்ச் சூட்டில் நாலாவதும் நன்றாகக் காய்ந்தபிறகு ஒரு காலையில் குற்றாலத்துக்குப் புறப்பட்டோம். ரொட்டியை வண்டியில் அனுப்பிவிட்டு, மூன்று படங்களை மெழுகுத்துணி சுற்றி நான் சுமந்தேன். எரிகிற கப்பலின் அசலை அண்ணாச்சி வைத்துக்கொண்டார். நாலாவது படத்தை ஆவுடைத்தாய் யாரிடமும் கொடுக்கவில்லை, தன் தலையில் வைத்துக்கொண்டாள். அவல் சுமந்த தலை, கை பிடிக்காமலே நடந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிற கூட்டம் சிரித்துக்கொண்டும் சத்தம் போட்டுக்கொண்டும் எங்களைக் கடந்து போனது. அண்ணாச்சி அடிக்கடி பின்தங்கினார். அவள் நின்று நின்று அவர் வந்ததும் நடந்தாள்.

துரை நாலு படங்களையும் சுவரோரம் வரிசையாக வைக்கச் சொல்லிப் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பாய்களையும் கயிறுகளையும் பார்த்தார். மூக்குத்தியைப் பார்த்துச் சிரித்தார். அதை எடுக்கச் சொல்லவில்லை. நாலாவது படத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நெடுநேரம் அதன் முன்னால் நின்றார். துறைமுகத்தில் கூலிகளோடு பழகிய தமிழ் அவருக்கு வரும்.

"பெயிண்டர், கப்பல் எரியிறது நீ பார்த்தது உண்டா?"

"ரொட்டி அடுப்பு பாத்திருக்கேன் துரை."

துரை தலையை ஆட்டிக்கொண்டு மேஜையில் போய் உட்கார்ந்தார். காயிதத்தை எடுத்து வைத்து, பேனாவை மையில் தொட்டார். ஆவுடைத்தாய் முந்தி முடிச்சை அவிழ்த்து நம்பர் எழுதின துண்டுச்சீட்டை அருமைநாயகத்திடம் கொடுத்தாள். அவர் அதைத் துரைக்கு முன்னால் வைத்தார். துரை நம்பரை எழுதிக்கொண்டார்.

"பையன் பேரு?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தார். சுவரில் சாய்ந்துவிட்டார்.

"குற்றாலிங்கம்," என்றாள் ஆவுடைத்தாய். வெள்ளைக்காரத் துரை முன்னால் நின்று பேசியறியாதவள்.

துரை எழுதினார். "தகப்பன் பேரு?"

கழுத்தில் தாலி ஏறின நாளிலிருந்து அவள் வாயில் வராத பேர் அது. எங்கள் தெருவில் எந்தப் பெண்பிள்ளையும் புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குப் போனால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளை விட்டுத்தான் சொல்லச் சொல்வாள். அருமைநாயகம் நான் சொல்கிறேன் என்று வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். புருஷனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் துரையைப் பார்த்துச் சொன்னாள்.

"மாடக்கண்ணு."

கிழவருக்குக் காது மந்தம். வெளியே அருவி வேறு இரைந்துகொண்டிருந்தது. பேனாவை நிறுத்தி, "என்ன பேரு?" என்று கேட்டார்.

அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள்.